அளவு கேட்ட மகனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
பங்குனி மாதம்

அன்புள்ள மகனுக்கு,

நானும் தங்கச்சியும் சுகம். நீயும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் நீ போனில் கேட்டது இன்னும் என் மனதில் கிடக்கிறது. "பிட்டுக்கு எத்தனை கப் தண்ணி அம்மா?" என்றாய். "அதுக்கெல்லாம் அளவு இல்ல மனே, கை பழகினா வரும்" என்றேன். நீ "சரி அம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வேலை முடிந்து பனிக்குள்ளால் நடந்து வந்து, பசியோடு அடுப்படியில் நின்று கேட்ட பிள்ளைக்கு நான் சொன்ன பதிலா அது? எனக்குக் கை பழகியது என் அம்மாவின் பக்கத்தில் பத்து வருடம் நின்றபடியால். உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

அடுத்த நாளே பஸ்சில் டவுனுக்குப் போய் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். உன் பழைய கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். இந்த ஒரு மாதமாக இந்தக் குசினியில் எதையும் நிறுக்காமல் நான் அடுப்பில் வைக்கவில்லை. முப்பது வருடம் சமைத்த எனக்கே தெரியாத சில விசயங்கள் இதில் தெரியவந்தன. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிட்டு. நீ வாங்கியது வெள்ளைப் பச்சரிசி மா, பக்கற்றில் வருவது. அதே மாதிரி ஒரு பக்கற் இங்கேயும் வாங்கி, நீ செய்தபடியே வறுக்காமல் கொதிதண்ணி விட்டுக் குழைத்துப் பார்த்தேன். நீ அனுப்பின படத்தில் இருந்த அதே பசைக்கட்டிதான் எனக்கும் வந்தது. உன் கையில் பிழை இல்லை மகன். அந்த மாவை வறுக்க வேணும். அகலமான தாச்சியில், அடுப்பைக் குறைத்து வைத்து, கை எடுக்காமல் கிண்டு. நிறம் மாற விடாதே. பதம் எப்படித் தெரியும் என்றால், ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுகிற மாதிரி இழுத்துப் பார். கோடு அறாமல் விழுந்தால் இறக்கிவிடு. எனக்கு அரைக் கிலோவுக்குக் கால்மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது. ஆறினதும் அரித்துப் போத்தலில் போட்டு வை. ஒருநாள் வறுத்தால் நாலைந்து தரத்துக்குக் காணும்.

இனித் தண்ணி. நம்மட வீட்டில் கொதிக்கக் கொதிக்க விடுவதுதான் வழக்கம், உன் பெரியம்மா பச்சைத் தண்ணிதான் விடுவா. யார் சொல்வது சரி என்று பார்க்க மூன்று கோப்பையில் தலா 100 கிராம் மா வைத்து, ஒன்றுக்குக் கொதிதண்ணி, ஒன்றுக்குப் பச்சைத் தண்ணி, மற்றதுக்குக் கொதித்து இறக்கி ஐந்து நிமிசம் ஆறவிட்ட தண்ணி விட்டேன். பச்சைத் தண்ணிப் பிட்டு சூட்டோடு நன்றாக இருந்தது, பின்னேரம் பார்த்தால் மணல் மாதிரிக் காய்ந்து போயிற்று. கொதிதண்ணிப் பிட்டு இரவு வரைக்கும் மெத்தென்று இருந்தது, ஆனால் அங்கங்கே கட்டி. ஐந்து நிமிசம் ஆறின தண்ணியில் குழைத்ததுதான் உதிரியாகவும் வந்தது, காயவும் இல்லை. இத்தனை வருடமும் கொதிதண்ணிதான் என்று அடித்துச் சொன்ன நானே இப்போது இதற்கு மாறிவிட்டேன்.

அளவை எழுதிவை: வறுத்த மா 300 கிராம், உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி, தண்ணி 210 மில்லி. உப்பைத் தண்ணியில் கரைத்துவிட்டு ஊற்று. முழுதையும் ஒரேயடியாக ஊற்றாதே, கடைசி 30 மில்லியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துத் தெளி. பிடித்தால் பிடிபட வேணும், தட்டினால் உதிர வேணும். இப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாரிப்போக நெல் வெட்டு முடிந்து புது அரிசி வந்திருக்கிறது. அந்த மாவுக்கு 180 மில்லியே காணும், புது அரிசி தண்ணி குடிக்காது. அதனால் உன் பக்கற் மாவுக்கு எவ்வளவு பிடித்தது என்று நீயும் எழுதிவை. கம்பனி மாறினால் அளவும் மாறும்.

இதற்குள் ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற காத்தான்குடி முஸ்லிம் அக்கா ஒருநாள் வந்தா. கொப்பியும் தராசுமாக நான் இருக்கிறதைப் பார்த்து, தானும் பக்கத்தில் குந்திவிட்டா. குழைத்த மாவை உடனே அவிக்க வேண்டாம், ஈரச்சீலையால் மூடிப் பத்து நிமிசம் வைத்துவிட்டு மறுகா ஒருக்கா சுண்டு என்கிற அளவுப் பேணியின் விளிம்பால் கொத்திவிட்டுத் தேங்காய்ப்பூ சேர் என்று சொன்னதும் அவதான். செய்து பார்த்தேன். மெய்தான், மாவுக்குள் ஈரம் ஒரேமாதிரி இறங்கிவிடுகிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம்மூரில் தமிழ்ச் சனத்தையும் முஸ்லிம் சனத்தையும் சேர்த்துச் சொல்லுவார்கள் அல்லவா, அதை நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உனக்கு அங்கே பச்சைத் தேங்காய் கிடைக்காவிட்டால் தமிழ்க் கடையில் உறைய வைத்த துருவல் இருக்கும், அதை வாங்கு. காய்ந்த துருவல்தான் இருக்கிறதென்றால் இளஞ்சூட்டுத் தண்ணி தெளித்துக் கால்மணித்தியாலம் ஊறவிட்டுப் போடு. ஆவி வந்த பிறகு பத்து நிமிசம் அவித்தால் போதும்.

தேங்காய்ப்பால் விட்டுச் செய்கிற பாலாணம் திரைந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கும் இரண்டு சட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கொதிக்கும்போதே தேசிக்காய் விட்டேன், மற்றதில் இறக்கி வைத்து ஆவி அடங்கின பிறகு விட்டேன். முதலாவது சட்டி கண்ணுக்கு முன்னாலேயே திரைந்தது. புளியும் கொதியும் சேர்ந்தால் தேங்காய்ப்பால் தாங்காது. உன்னிடம் இருப்பது 400 மில்லி டின். அதைக் குலுக்காமல் திறந்து, மேலே நிற்கிற தடிப்பை அரைவாசிக்கு எடுத்து வேறாக வை, அதுதான் உனக்குத் தலைப்பால். மிச்சத்தில் இரண்டு மடங்கு தண்ணி கலந்தால் அது இரண்டாம் பால். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் அவியட்டும். தலைப்பால் கடைசியில். விட்ட பிறகு மூடாதே, கிண்டிக்கொண்டே நில், ஓரத்தில் நுரை கட்டி ஒரு கொதி எழும்ப முன்னம் இறக்கு.

இங்கே ஒன்றைக் கவனி. உன் மின் அடுப்பை நிறுத்தின பிறகும் அந்தத் தட்டில் சூடு கிடக்கும் என்று சொன்னாய். 2022இல் காஸ் இல்லாமல் நான் மாதக்கணக்கில் விறகில் சமைத்தபோது இதேதான். கொள்ளியை இழுத்த பிறகும் தணல் சமைத்துக்கொண்டே இருக்கும். உன் அடுப்பையும் தணல் என்று நினைத்துக்கொள். நிறுத்தினால் மட்டும் போதாது, சட்டியைத் தூக்கி அப்பால் வைக்க வேணும். உன் பாலாணம் திரைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிலபேர் சொல்லுவார்கள், சமையலில் இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது, முன்னோர் செய்தபடி செய்ய வேணும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1978 கார்த்திகைச் சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்து வயது. இந்தக் கரையெல்லாம் தென்னைகள் முறிந்து கிடந்தன. விழுந்த காய்கள் முடிந்த பிறகு தேங்காயைக் காணவே முடியாது. தேங்காய் இல்லாமல் நம்மட சனம் என்னத்தைச் சமைக்கிறது? உன் அம்மம்மா கச்சானை, அதுதான் வேர்க்கடலையை, ஊறவைத்து அம்மியில் அரைத்துக் கரைத்துக் கறிக்கு விட்டா. முதல்நாள் கசந்தது. அடுத்த நாள் தோலை உரித்து, லேசாக வறுத்து அரைத்தா. மூன்றாம் நாள் நாங்கள் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். அவவுக்கும் யாரும் அளவு சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கு பிள்ளைகளுக்குச் சோறு இறங்க வேணுமே என்ற யோசனையில் தானே தேடிக் கண்டுபிடித்தது. நீ பனிக்குள் நின்று டின் பாலோடு படுகிற பாடும் அதுதான்.

தயிர் விசயத்தில்தான் நான் கூட நேரம் மினக்கெட்டேன். நீ சின்ன வயதில் எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, விழுகுதா என்று பார்ப்பாய். அந்தத் தயிர் அங்கே வராததற்குக் காரணம் பால்தான். உன் பால்பெட்டியில் கொழுப்பு 3.5 வீதம் என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். எருமைப் பாலில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. நான் கடையில் பசுப்பால் வாங்கி நாலு விதமாகப் போட்டுப் பார்த்தேன். வெறுமனே ஒரு கொதி காட்டினது தளதளவென்று நின்றது. ஒரு லீற்றரை முக்கால் லீற்றராக வற்றக் காய்ச்சினது கத்தியால் வெட்டுகிற மாதிரி வந்தது. வற்ற விடாமல் நாலு மேசைக்கரண்டி பால்மா கரைத்ததும் ஏறக்குறைய அதே இறுக்கம், நேரமும் மிச்சம். நாலாவதில் உறை மோரை மூன்று மடங்காக்கினேன், கூடப் போட்டால் கூட இறுகும் என்ற நினைப்பில். புளித்துத் தண்ணி விட்டுவிட்டது. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

சூடுதான் முக்கியம். விரலை வைத்துப் பத்து எண்ணும் வரைக்கும் பொறுக்க முடிந்தால் சரி என்பது என் கணக்கு. உன்னிடம் தெர்மாமீற்றர் இருக்கிறது, 43க்கும் 45க்கும் நடுவில் வந்ததும் உறை ஊற்று. அதைவிட மிச்சம் கூடின சூட்டில் ஊற்றினால் உறை செத்துவிடும், ஆறிப்போனால் எழும்பாது. இங்கே சும்மா மூடி வைத்தாலே விடிய இறுகிவிடும். அங்கே கேக் போடுகிற அவணின் உள்லைற்றை மட்டும் போட்டு, சூடு போடாமல், துவாயால் சுற்றி அதற்குள் வை. இடையில் எடுத்து ஆட்டிப் பார்க்காதே. சின்ன வயதில் ஆட்டித்தான் நீ எத்தனை சட்டியைக் கெடுத்தாய்! உறைக்குக் கடையில் வாங்குகிற சீனி போடாத, வாசம் சேர்க்காத தயிர் போதும். இரண்டாம் தரத்திலிருந்து உன் தயிரே உனக்கு உறை.

எவர்சில்வரில் போட்டதையும் மண்சட்டியில் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மண்சட்டியின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. தயிரின் தண்ணியைச் சட்டி குடித்துவிடுகிறது, அதுதான் அந்த இறுக்கம்.

மீனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்கே கிடைக்கிற கொட் மீன் தசை தசையாகப் பிரிந்துவிடும் என்கிறாய். அப்படியென்றால் பெரிய துண்டாக வெட்டு, உப்பும் மஞ்சளும் பிரட்டி அரைமணித்தியாலம் வை. குழம்பு முழுக்க வெந்து புளி அடங்கின பிறகு கடைசியில் இறக்கு. அகப்பை போடாதே, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்று. நம்மட வாவி மீனுக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கறித்தூளை நீ அங்கே வறுக்க வேண்டாம். போன தடவை புகைக்கு அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டினதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நான் வறுத்து, திரித்து, ஆறவிட்டு ஒரு கிலோ கட்டியிருக்கிறேன். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் வேறுவேறாகத்தான் வறுத்தேன். சேர்த்துப் போட்டால் மல்லி வறுபட முன்னம் சீரகம் கருகிவிடும். வெந்தயம் ஒரு நிறம் கூடினாலும் முழுத் தூளும் கசந்துவிடும். ஒரு சின்னப் போத்தலில் மட்டும் வெளியில் வைத்துப் பாவித்துக்கொள், மிச்சத்தைக் கட்டி பிரீசரில் வை.

சித்திரைக்கு வந்து போகிற உன் கூட்டாளியிடம் தூளும், இரண்டு சுண்டு சிவப்பரிசி மாவும், குழம்புக்குக் கொறுக்காய்ப் புளியும், பிட்டு அவிக்கப் பனையோலை நீத்துப்பெட்டி ஒன்றும் கொடுத்துவிடுகிறேன். அளவு எழுதின கொப்பியைத் தங்கச்சி போனில் படமெடுத்து அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் கேள். இனி எந்த நேரம் கேட்டாலும் அளவோடுதான் பதில் சொல்லுவேன்.

ஒரு சின்னத் தயிர்ச் சட்டியும் வைத்திருக்கிறேன். அதை அடுப்பில் வைக்காதே, மின் அடுப்புச் சூட்டுக்கு வெடித்துவிடும், தயிருக்கு மட்டும் வைத்துக்கொள். வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணியில் ஊறவை. மண்வாசம் போக இரண்டு தரம் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஆறவிட்டுக் கழுவு. சோப்புப் போடாதே, அதையும் குடித்துவிடும். பழஞ்சீலைக்குள் சுற்றி, நடுவில் அரிசி மாவைத் திணித்துக் கட்டியிருக்கிறேன். முழுசாக வந்து சேர்ந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. உடைந்து வந்தாலும் ஒளிக்காமல் சொல்லு மனே, இன்னொன்று வாங்கிக் கஞ்சியில் ஊறப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா