பனி கருக்கிய பூக்களும் கணக்கில் வராத வேலை நாட்களும்: இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா பிராந்திய அரசுக்கு ஒரு திறந்த மடல்

எமிலியா ரொமாஞ்ஞா பிராந்திய அரசின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வேளாண்மைக்குப் பொறுப்பானவர் அவர்களுக்கும், பிராந்தியப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மோதெனா மாகாணத்தின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்துகொண்டு, பழத்தோட்டங்களிலும் பழங்களைத் தரம் பிரிக்கும் கூடங்களிலும் பருவ வேலை செய்யும் தமிழர்களில் ஒருவராக இம்மடலை எழுதுகிறேன். இதன் இத்தாலிய வடிவம் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பப்படுகிறது. இங்கே தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், இதே தோட்டங்களில் என்னுடன் நிற்பவர்கள் தங்கள் சார்பில் என்ன கேட்கப்படுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும், தவறிருந்தால் திருத்தவும் வேண்டும் என்பதே. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வசந்தம் நிலைகுலைந்துபோன ஆண்டுகளில் இழப்பை எக்டேரிலும் டன்னிலும் யூரோவிலும் கணக்கிடுகிறீர்கள். அந்த எக்டேர்களில் நடக்காமல் போன வேலை நாட்களையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பனாரோ ஆற்றங்கரையிலுள்ள விஞ்ஞோலாவைச் சுற்றிய செர்ரித் தோட்டங்களை எங்களைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சமவெளியில் முதலில் ஆப்ரிகாட்டும் பீச்சும் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அவற்றின் பின்னால் சரிவுகளில் செர்ரி வெள்ளையாக விரியும். பிறகு பேரியும் ஆப்பிளும் பூக்கும். மே மாதத்தில் வேலியோரத்து அகாசியா மரங்கள் பூத்துத் தேனீ வளர்ப்பவர்களின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும். ஜனவரியின் கடைசி மூன்று நாட்களே ஆண்டின் மிகக் குளிரானவை என்றும், மார்ச் 21ஆம் தேதி, புனித பெனடிக்ட் நாளில், தகைவிலான் குருவி கூரைக்குத் திரும்பும் என்றும், மே நடுவில் வரும் ‘பனிப் புனிதர்கள்’ எனப்படும் நாட்கள் கழியும்வரை இளநாற்றை வெளியே நடக்கூடாது என்றும் இங்குள்ள முதியவர்கள் சொல்லித்தான் நாங்கள் இந்த மண்ணின் காலக்கணக்கைக் கற்றோம். கிளைகளை நறுக்கிச் சீராக்கும் கவ்வாத்து எப்போது, வலை விரிப்பது எப்போது, எங்களைக் கூப்பிடுவது எப்போது என்பதெல்லாம் அந்தக் கணக்கின்படியே நடந்துவந்தன. அதே முதியவர்களே இன்று அந்த நாட்களை நம்ப முடியவில்லை என்கிறார்கள். பிப்ரவரியில் மேலாடை இல்லாமல் கவ்வாத்து செய்யும் நாட்கள் எங்களுக்கு வசதியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வெயிலில் மொட்டுகள் பருத்துவருவதைப் பார்க்கும் தோட்டக்காரரின் முகம் அப்போதே இருண்டுவிடுகிறது.

அவருடைய அச்சத்தின் காரணம் எளியது. இம்மரங்களுக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரக் குளிர் தேவை. அது நிறைவான பிறகு, எவ்வளவு வெப்பம் கிடைக்கிறதோ அவ்வளவு விரைவாக மொட்டு திறக்கும். இறுக மூடிய மொட்டு, பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிரைத் தாங்கும். ஆனால் முழுதாக விரிந்த செர்ரிப் பூ, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகையைத் தாண்டியதும் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சாகத் தொடங்கும். நான்கு பாகையில் பத்துக்கு ஒன்பது போய்விடும். ஆகவே பழைய காலத்தைவிடக் கடுமையான பனி விழ வேண்டும் என்பதில்லை. வழக்கமான பனி வழக்கமான தேதியில் விழுந்தாலே போதும், பூ இரண்டு வாரம் முந்தி வந்திருந்தால் எல்லாம் முடிந்துவிடும். 2020 மார்ச் இறுதியிலும், 2021 ஏப்ரல் தொடக்கத்திலும், மீண்டும் 2023 ஏப்ரல் தொடக்கத்திலும் இப்பிராந்தியத்தில் நடந்தது இதுதான்.

உறைபனி விழுந்த மறுநாள் காலையில் தோட்டம் அழகாகவே இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இதழ்களின் நிறம் உடனே மாறுவதில்லை. ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் நெடுக்காகப் பிளந்தால்தான், நடுவில் வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய சூலகம் பழுப்பேறி, வெயில் ஏறுவதற்குள் கறுத்துவிட்டது தெரியும். தோட்டக்காரர் மரத்துக்கு மரம் சென்று, கிளையின் அடியிலும் நடுவிலும் நுனியிலுமாகப் பூக்களைப் பிளந்து, கறுப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணுவார். அப்போது யாரும் அவரோடு பேசமாட்டோம். அந்த எண்ணிக்கையில் அவருடைய ஆண்டு அடங்கியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். பீச்சிலும் பேரியிலும் நெருக்கமாகப் பிடித்த பிஞ்சுகளைக் குறைக்கும் மே மாத வேலை, ஜூன் முதல் செப்டெம்பர் வரையான அறுவடை, அதன் பின் தரம் பிரிக்கும் கூடத்தின் இரவு வேலை என எங்கள் ஆண்டும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பனியிலிருந்து காக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. பூக்களின் மேல் நீரைத் தெளித்து, அது உறையும்போது வெளியிடும் வெப்பத்தால் பூவைப் பூச்சிய பாகைக்கு அருகே நிறுத்திவைப்பது அவற்றில் மிகவும் நம்பகமானது. ஒரு கிராம் நீர் உறையும்போது எண்பது கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பதுபோல் பூ பனிக்கட்டிக்குள் உயிரோடு இருக்கும். ஆனால் இடையில் நீர் நின்றுவிட்டால், தெளிக்காமல் விட்டதைவிடக் கேடு அதிகம். அதனால்தான் அதிகாலை இரண்டு மணிக்கு எங்களில் சிலர் அழைக்கப்படுகிறோம். தெளிப்பான் முனைகளில் உறையும் பனியைத் தட்டிவிட்டு, விடிந்து பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை வரிசைகளுக்கிடையே நடக்கிறோம். மரத்துக்கு மேலே தெளிக்கும் முறைக்கு ஓர் எக்டேருக்கு மணிக்கு முப்பது முதல் நாற்பது கன மீட்டர் நீர் வேண்டும். அந்த நீர் மார்ச் மாதத்திலேயே வாய்க்காலில் இருக்க வேண்டும்.

இங்கேதான் தங்கள் பொறுப்பு தொடங்குகிறது. இச்சமவெளியின் வாய்க்கால்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வேலைகள்: குளிர்காலத்தில் மழைநீரை வடிக்க வெறுமையாக இருக்க வேண்டும், வசந்தம் முதல் பாசனத்துக்காக நிரம்பியிருக்க வேண்டும். எந்த வாரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பதே வடிகால் பாசனக் கூட்டமைப்புகளின் பழைய கலை. பூ முந்தினால் நீரும் முந்தி வர வேண்டும். மே மாதத்தில் பெருமழை பெய்தால் அதே வாய்க்கால் காலியாக இருக்க வேண்டும். 2022இல் இச்சமவெளியின் பெரிய ஆறான போ, எழுபது ஆண்டுகளில் காணாத வறட்சியில் வற்றி, கழிமுகத்தில் கடல்நீர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே ஏறியது. அடுத்த ஆண்டே, 2023 மே மாதம் 2, 3 தேதிகளிலும் பின்னர் 16, 17 தேதிகளிலும் பெய்த மழையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆறுகள் கரை கடந்தன. 17 பேர் இறந்தார்கள். ஃபயன்சா, ஃபொர்லி, ரவென்னா பகுதிகளில் காய் பிடித்திருந்த பீச், கிவி தோட்டங்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் வண்டல் காய்ந்து இறுகி, வேர்கள் மூச்சுத் திணறி மரங்கள் இலையோடு வாடின. 2024 செப்டெம்பரிலும் அக்டோபரிலும் வெள்ளம் மீண்டும் வந்தது. இவற்றைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தங்களில் பலர் அந்தச் சேற்றில் நின்றவர்கள். இந்த நிகழ்வுகளை நாங்கள் தனித்தனி விபத்துகளாகப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கைக்கு வரும் வேலையின் ஒழுங்கு குலைந்து ஆண்டுகளாகின்றன.

அந்த ஒழுங்கின்மேல்தான் எங்கள் உரிமைகள் கட்டப்பட்டிருக்கின்றன. வேளாண் தொழிலாளருக்கான வேலையிழப்புக் கொடுப்பனவு பெற இரண்டு ஆண்டுகளில் 102 நாட்கள் பதிவாகியிருக்க வேண்டும். நோய்க்காலக் கொடுப்பனவுக்கும் பிரசவக் காலக் கொடுப்பனவுக்கும் ஆண்டுக்கு 51 நாட்கள் வேண்டும். பருவகால வேலைக்கு வருபவரின் வதிவிட அனுமதி அதிகபட்சம் ஒன்பது மாதங்கள். அவர் வந்து இறங்கும் மாதம், பழம் எப்போது பழுக்கும் என்ற பழைய கணக்கை நம்பிக் குறிக்கப்பட்டது. பனி ஓர் இரவில் பறித்துக்கொள்வது ஒரு மாதக் கூலியை மட்டுமல்ல. அடுத்த குளிர்காலத்தின் வாடகையும், கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணின் பாதுகாப்பும் அந்த நாட்களோடு சேர்ந்தே போகின்றன.

சட்டம் எங்களை முற்றிலும் மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1991ஆம் ஆண்டின் 223ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இயற்கைப் பேரிடருக்கான அரச உதவி பெற்ற பண்ணையில் குறைந்தது ஐந்து நாட்கள் வேலை செய்த தொழிலாளருக்கு, முந்தைய ஆண்டில் அவர் செய்த நாட்களின் அளவுக்கு விடுபட்ட நாட்கள் ஈடுசெய்யப்படும். ஆனால் அது எத்தகைய ஆண்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். பூக்களெல்லாம் கருகிய ஆண்டில் ஒரு நாள்கூட அழைக்கப்படாதவருக்கு அந்த ஐந்து நாட்கள் எங்கிருந்து வரும்? முதன்முறையாக வந்தவருக்கு முந்தைய ஆண்டே இல்லை. பனி, வறட்சி, வெள்ளம் என்று அடுத்தடுத்து வந்தால், ஈடுசெய்ய வேண்டிய முந்தைய ஆண்டே குறையாண்டாகத்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் கடந்து உரிமை உள்ளவரும், தான் வேலை செய்த பண்ணை உதவி பெற்றதா என்பதை அறிய வழியில்லாமல் காலக்கெடுவைத் தவறவிடுகிறார். எங்களில் சிலர் இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே, விண்ணப்பிக்கும் நாள் கடந்த பிறகு ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் வாசலில்தான்.

சமூகக் காப்புறுதி ரோமின் பொறுப்பு என்று தாங்கள் சொல்லலாம், அது உண்மைதான். எனினும், பேரிடர் நேர்ந்த பகுதிகளை வரையறுத்து, அங்கீகரிக்கும்படி அமைச்சைக் கேட்பது பிராந்திய அரசே. அந்தக் கோரிக்கையைத் தயாரிக்கும்போதே, ஒவ்வொரு நகராட்சியிலும் எத்தனை தொழிலாளர்களின் எத்தனை நாட்கள் இழக்கப்பட்டன என்ற மதிப்பீட்டையும் அதில் சேர்க்கும்படி வேண்டுகிறோம். உதவி பெற்ற பண்ணைகள் இருக்கும் பகுதிகளின் பட்டியல் வெளியாகும் நாளிலேயே, ஈடுசெய்யும் ஏற்பாட்டைப் பற்றிய அறிவிப்பு தோட்டங்களில் உண்மையில் பேசப்படும் மொழிகளில் வெளிவர வேண்டும்: பஞ்சாபி, அரபி, ருமேனியம், அல்பேனியம், தமிழ். ஐந்து நாள் நிபந்தனையை மாற்றுவதற்கு, பழத்தோட்டங்கள் மிகுந்த பிராந்தியம் என்ற முறையில் ரோமில் தாங்கள் குரல் கொடுக்க வேண்டும். வாய்க்கால்களை எந்த வாரத்தில் நிரப்புவது, பனிக்காப்புக் கருவிகளுக்கான உதவியை யாருக்கு முதலில் தருவது என்று பேசும் கூட்டங்களில் நில உரிமையாளர்களோடு தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். நள்ளிரவில் தெளிப்பானுக்கு அடியில் நடப்பவருக்கு, எந்த முனை அடைக்கும், எந்தத் தாழ்நிலத்தில் குளிர் முதலில் தேங்கும் என்பது தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது தோட்டக்காரருக்கும் நட்டமே. அந்த இரவு வேலைக்கான கூலியும் உலர்ந்த உடையும் வீடு திரும்பும் வழியும் இன்று ஒவ்வொரு பண்ணையின் மனப்போக்குக்கு விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு எழுதப்பட்ட ஒழுங்கு தேவை.

இக்கோரிக்கை இந்த மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல. ரொமாஞ்ஞாவின் சதுப்பு நிலத்தை மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு விளைநிலமாக்கியவர்கள் நாட்கூலித் தொழிலாளர்கள். 1883இல் ரவென்னாவில் அவர்கள் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள்; அடுத்த ஆண்டே ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியாவின் சதுப்பை வடிக்கச் சென்றார்கள், காய்ச்சலில் அங்கேயே மாண்டவர்களும் உண்டு. அந்த மரபில் வந்த ஒரு கூட்டுறவு அமைப்புதான் 2023 மே வெள்ளத்தில், ரவென்னா நகரைக் காப்பதற்காகத் தன் வயல்களுக்குள் நீரைத் திருப்பிவிடச் சம்மதித்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் இந்நிலத்தில் உழைத்து வாழ்பவர்கள். நிலத்தைப் பற்றிய முடிவுகளில் உழைப்பவருக்கு இடம் தருவது எப்படி என்பதை இப்பிராந்தியம் எங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை.

தங்களால் காலக்கணக்கை மாற்ற முடியும் என்பதற்குச் சான்றையும் தாங்களே தந்திருக்கிறீர்கள். 2025 ஜூலை 2 முதல், வெப்ப ஆபத்து மிகுந்த நாட்களில் பகல் 12.30 முதல் 4 மணிவரை திறந்த வெளியில் வேலை செய்யக்கூடாது என்று தோட்டங்களுக்கும் கட்டுமான இடங்களுக்கும் ஆணையிட்டீர்கள். அந்த ஆணையின் பயனை நாங்கள் உடலால் அறிந்தோம்; அதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கோடை மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு வேலை நேரத்தை மாற்றிய அரசு, வசந்தமும் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு வேலை நாட்களின் கணக்கையும் மாற்ற வேண்டும் என்று கேட்பது அளவுக்கு மீறியதல்ல என்று நம்புகிறோம். 2022இல் திருத்தப்பட்ட இத்தாலிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பு, சுற்றுச்சூழலைக் காப்பது வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்காகவும் என்கிறது. எங்கள் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் அதைப் படிக்கிறார்கள்.

குளிர்காலக் கவ்வாத்து முடிவதற்குள், தங்கள் வேளாண்மைத் துறையும் வடிகால் பாசனக் கூட்டமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எங்களைப் போன்ற பருவத் தொழிலாளர்களும் ஒரே மேசையில் அமரும் ஒரு கூட்டத்தை மோதெனாவிலோ ஃபயன்சாவிலோ கூட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பக்கத்திலிருந்து வருபவர்கள் மொழிபெயர்ப்புக்கும் ஆள் ஏற்பாடு செய்துகொள்வார்கள். தங்களுக்கு வசதியான தேதியைப் பூ விரிவதற்கு முன் தெரிவித்தால் போதும்.

மிகுந்த மதிப்புடன்,
மோதெனா மாகாணத்துப் பழத்தோட்டத் தொழிலாளர் ஒருவர்