கரடியைப் பார்க்க டோக்கன் கொடுங்கள்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கரடி மாதிரி வேடம் போட்ட கேரக்டர்களைக் குழந்தைகள் நேரில் சந்திக்கலாம் என்று சொல்லி, அரையாண்டு விடுமுறையில் உங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் நீங்கள் நடத்திய சிறப்பு மாலை நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அங்கே இருந்தார்கள், உங்கள் கேமராக்களும் இருந்தன. மறுநாள் நீங்கள் வெளியிட்ட வருத்தச் செய்தியையும் படித்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்றைய டிக்கெட் முழுவதும் ஆன்லைனில்தான் விற்றது. வாசலில் டிக்கெட் கிடையாது என்று நீங்களே அறிவித்திருந்தீர்கள். குழந்தைகளுக்குத் தனி டிக்கெட், தனி விலை. அப்படியென்றால் எத்தனை பேர் வரப்போகிறார்கள், அதில் எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு முந்தைய நாள் இரவே உங்கள் கையில் இருந்திருக்கும். வந்தவர்கள் எல்லாரும் நீங்கள் விற்ற டிக்கெட்டோடு வந்தவர்கள். சுவர் ஏறிக் குதித்து யாரும் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கேரக்டர்களைச் சந்திக்க நேரம் போட்ட டோக்கன் கொடுங்கள். டோக்கன் தீர்ந்துவிட்டால், தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பெரிய நிபுணர் யாரும் தேவையில்லை. ஒரு குடும்பம் கரடிக்குக் கைகொடுத்து, கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்து நகர இரண்டு நிமிடம் ஆகும். அதற்குக் குறைத்துக் கணக்குப் போட முடியாது. ஏனென்றால் சின்னக் குழந்தைகள் முதலில் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிவார்கள், அப்புறம்தான் கிட்டே போவார்கள். ஆக, மணிக்கு முப்பது குடும்பம். அந்தக் கனமான உடைக்குள் இருப்பவர் அரை மணி நேரம் நின்றால் கால் மணி நேரமாவது உள்ளே போய் மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு கேரக்டரால் அறுபது குடும்பங்களைத்தான் பார்க்க முடியும். மூன்று கேரக்டர் என்றால் நூற்றியெண்பது. திடலில் திரண்டிருந்தது அதைப்போல எத்தனை மடங்கு என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்கை டிக்கெட் விற்பனையைத் தொடங்கும் முன்பே போட்டிருக்கலாம். விளம்பரத்தில் "உங்கள் குழந்தை நேரில் சந்திக்கலாம்" என்று போடும்போது எத்தனை குழந்தைகள் என்றும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

எனக்கு முன்னால் செங்கல்பட்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண் மகனோடு நின்றிருந்தாள். பையனுக்கு நான்கு வயது இருக்கும். கரடிக்குக் கொடுக்கவென்று ஒரு தாளில் கலர் பென்சிலால் எதையோ வரைந்து, சுருட்டிக் கையில் வைத்திருந்தான். ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும், ஒன்றுக்கு வருகிறது என்றான். கழிப்பறை ராட்டினத்துக்கு அந்தப் பக்கம். தடுப்புக் கம்பியோரம் நின்ற காவலாளியிடம் அவள் கேட்டாள்: "தம்பி, இவனைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். எங்க இடம் இருக்கும்ல?"

"வெளிய போனா திரும்பக் கடைசியிலதான் நிக்கணும்க்கா. அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

நானும் எனக்குப் பின்னால் நின்றவர்களும் சொல்லிப் பார்த்தோம். அவர்கள் இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றோம். அவரால் முடிவெடுக்க முடியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கையில் வாக்கிடாக்கிகூட இல்லை. அந்தப் பெண் முன்னால் இருந்த வரிசையைப் பார்த்தாள். இன்னும் இருபது குடும்பம்தான் இருக்கும். "கொஞ்சம் அடக்கிக்கோடா கண்ணா, இதோ வந்துட்டோம்" என்றாள்.

அவனால் அடக்க முடியவில்லை. டிரவுசர் நனைந்து, காலில் வழிந்து, செருப்புக்குள் இறங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று அவன் சுற்றிலும் பார்த்தான். நான்கு வயதுப் பையனுக்கும் மானம் உண்டு. அவள் துப்பட்டாவால் அவன் காலைத் துடைத்துவிட்டு, பின்னால் திரும்பி எங்களைப் பார்த்து "சாரிங்க, சாரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவள் இல்லை, நீங்கள்.

அவர்களுக்கு முன்னால் மூன்றே மூன்று குடும்பங்கள் மிச்சம் இருந்தபோது கரடியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நேரம் முடிந்துவிட்டது, எல்லாரும் கலைந்து போங்கள் என்று மைக்கில் ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னாலும் பெரிய வரிசை இருந்தது. அந்த வரிசையின் வால் கரடியை ஒருபோதும் எட்டப்போவதில்லை என்று ஏழு மணிக்கே சொல்லியிருந்தால், அந்தக் குடும்பங்கள் ராட்டினத்துக்காவது போயிருக்கும், சாப்பிடவாவது போயிருக்கும். கடைசி ஆளுக்குப் பின்னால் "வரிசை இத்துடன் முடிந்தது" என்று ஒரு போர்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க எவ்வளவு செலவாகும்?

அந்தக் காவலாளியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் நாள் கூலிக்கு வந்த கல்லூரிப் பையன். மதியம் வந்தவுடன் டிஷர்ட்டைக் கொடுத்து இங்கே நில் என்று சொல்லியிருக்கிறார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை. இதை அவரே எங்களிடம் சொன்னார். எட்டு மணிக்கு மேல் கோபமெல்லாம் அவர்மேல்தான் விழுந்தது. ஒரு அப்பா சட்டையைப் பிடிக்கவே போய்விட்டார். திட்டம் போட்டவர்கள் யாரும் அந்த நேரத்தில் திடலில் இல்லை.

கரடிக்குள் இருந்தவரையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைக்குள்ளிருந்து வெளியே பார்க்க வாய்ப் பக்கத்தில் ஒரு சின்ன வலைதான் இருந்தது. பக்கவாட்டில் எதுவும் தெரியாது, கீழே நிற்கும் குழந்தையும் தெரியாது. அதனால்தான் கூடவே ஒருவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் வரிசையே இல்லாமல் திடலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நாலா பக்கமும் ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருக்கினார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் வாலைப் பிடித்து இழுத்தான், அவர் தடுமாறினார். அவர் விழுந்திருந்தால் காலடியில் இருந்தது மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள். அதற்கப்புறம்தான் அவசர அவசரமாகக் கம்பிகளைக் கொண்டுவந்து வரிசை போட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கவாட்டுக் கதவு வழியாக, கையில் தனிப் பட்டை கட்டிய குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. அவர்கள் நேராகக் கரடியிடம் போய், நிதானமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கூடுதல் பணம் கட்டியவர்களா, விருந்தாளிகளா, யாருடைய சிபாரிசில் வந்தவர்களா, எங்களுக்குத் தெரியாது. கூடுதல் பணத்துக்குத் தனி வரிசை என்றால் அதை டிக்கெட் விற்கும்போதே சொல்லுங்கள். அவர்களுக்கு எத்தனை இடம், மற்றவர்களுக்கு எத்தனை இடம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறந்தபோதும் எங்கள் வரிசை நின்றது. குழந்தைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். "அவங்களுக்கு மட்டும் ஏம்மா?" என்று என் மகள் கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

டோக்கன் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. திருப்பதிக்குப் போய்வந்த யாருக்கும் இது தெரியும். நேரம் போட்ட டோக்கன் இருந்தால் அந்த நேரத்துக்குப் போனால் போதும். டோக்கன் இல்லாதவர்களும் வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் அறை அறையாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். கழிப்பறை இருக்கிறது, குழந்தைகளுக்குப் பால் வருகிறது, சாப்பாடு வருகிறது. தினமும் பல்லாயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே இதைச் செய்ய முடிகிறது. அதே திருப்பதியில் 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனை வாங்க முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி 6 பேர் இறந்துபோனார்கள். ஆகவே டோக்கனையும் ஒரே கவுன்ட்டரில், ஒரே நேரத்தில், ஆளைக் கூட்டிவைத்துக் கொடுக்காதீர்கள். டிக்கெட் வாங்கும்போதே செல்போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பூங்காக்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பரில் திறந்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில், கையில் டிக்கெட்டோடு வந்தவர்களை உள்ளே விட முடியாமல் கதவைச் சாத்தினார்கள். தேதி குறிப்பிடாத டிக்கெட்டுகளை விற்றிருந்ததால், என்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற பிடி அவர்கள் கையில் இல்லை. வேலி ஏறிக் குழந்தைகளை உள்ளே கொடுக்கும் அளவுக்குப் போனது. உங்கள் டிக்கெட்டில் தேதி இருந்தது, நேரமும் இருந்தது. அவர்களுக்கு இருந்த காரணம்கூட உங்களுக்கு இல்லை. டிஸ்னி பூங்காக்களில் 1999லேயே ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு சீட்டைக் கொண்டுவந்தார்கள். இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று அதில் போட்டிருக்கும். அதுவரை வேறு எங்கேயாவது சுற்றிவிட்டு வரலாம், சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போகலாம். காகிதத்தில் அன்று செய்ததை இன்று செல்போனில் செய்வது கஷ்டமா?

நம் ஊரில் கூட்டம் கூடுவதையே வெற்றி என்று நினைக்கிற பழக்கம் ஊறிப்போய்விட்டது. அரசியல் கூட்டம், கடைத் திறப்பு, கச்சேரி எதுவானாலும் எள் விழ இடமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2023 செப்டம்பரில் பனையூர் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் வீடு திரும்பவில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 11 பேர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் குழந்தைகள் உட்பட 41 பேர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் நெருக்கிவிட்டால் அதன்பின் யாரும் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும் என்று கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் எழுதியிருக்கிறார். நம்முடைய தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமே 2014ல் கூட்டத்தைக் கையாள்வது பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. தேடினால் கிடைக்கும். கரூருக்குப் பிறகும் குழந்தைகளைக் கூட்டிவைத்து ஒரு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அதைப் படிக்காமல் இருக்கலாமா?

அன்று உங்கள் திடலில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதற்கு உங்கள் ஏற்பாடு காரணமில்லை. ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து, அடுத்தவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்ட பெற்றோர்கள்தான் காரணம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன் என்று தோன்றினாலும், எதையும் அழிக்க மனம் வரவில்லை. உங்கள் பூங்காவின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. நான் பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா வந்த இடம் அது. அந்த ஆசையில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கடற்கரையை விட்டால் குழந்தைகளைக் கூட்டிப்போக இந்த ஊரில் எங்களுக்கு வேறு எத்தனை இடம் இருக்கிறது?

பொங்கல் விடுமுறைக்கும் இதே நிகழ்ச்சி உண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். டிக்கெட் விற்பனை இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு முன், தயவுசெய்து, நேரம் போட்ட டோக்கனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடும்பங்கள் கேரக்டர்களைச் சந்திக்க முடியும் என்பதை டிக்கெட் பக்கத்திலேயே போடுங்கள். டோக்கன் தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். அதற்கப்புறமும் ராட்டினத்துக்காக வருகிறவர்கள் வருவார்கள், மற்றவர்கள் வேறொரு நாள் வருவார்கள். வரிசையில் நிற்கும் குழந்தை கழிப்பறைக்குப் போய்வர ஓர் அட்டை கொடுங்கள், அதைக் காட்டினால் பழைய இடத்திலேயே விடச் சொல்லுங்கள். தடுப்புக் கம்பியோரம் நிறுத்துகிற பிள்ளைகளுக்கு ஒரு வாக்கிடாக்கியும், கேட்டால் பதில் சொல்ல ஒரு மேலாளரும் இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவு யாருக்கு என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

முடிந்தால், அன்று எட்டு மணிக்கு மைக்கில் கலைந்து போகச் சொல்லப்பட்ட குடும்பங்களுக்குப் பொங்கல் நிகழ்ச்சியின் முதல் டோக்கன்களைக் கொடுங்கள். டிக்கெட் வாங்கிய எல்லாருடைய செல்போன் எண்ணும் உங்களிடம் இருக்கிறது. முதலில் அந்தச் செங்கல்பட்டுப் பையனைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் நின்ற பெற்றோரில் ஒருத்தி
தாம்பரம்