தம்பிக்கு

தம்பி, நல்லா இருக்கியா. வாரா வாரம் அம்மாகிட்ட பேசுறன்னு தெரியும், அது போதும். இங்க மழையே இல்ல, போர்ல தண்ணி கீழ போயிடுச்சு.

உனக்குக் கீழ நாப்பது பேராம்ல, சித்தப்பா சொன்னாரு, தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கூடவே அவரு மருமகன் சொன்னதையும் சொன்னாரு, நீ உள்ள வந்தா ஆபீஸே கப்சிப்னு ஆயிடுமாம். அவரு பெருமையாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.

பெட்டியிலேந்து மாக்கியவல்லி எழுதுன 'இளவரசன்' எடுத்து திரும்பவும் படிச்சேன். இத்தாலியில ஃப்ளோரன்ஸ்ல 14 வருஷம் அரசாங்க உத்தியோகம் பாத்த மனுஷன், 1512ல முன்ன அந்த ஊர ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பி வந்ததும் வேலை போச்சு, அடுத்த வருஷம் சதியில சேந்தாருன்னு புடிச்சு கைய பின்னால கட்டி கயித்துல தூக்கித் தூக்கி விட்டாங்க, வெளிய வந்து தோட்டத்து வீட்ல உக்காந்து எழுதுனது அது. சாயங்காலம் சேத்துத் துணிய கழட்டிட்டு தர்பாருக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு பழைய பெரியவங்க புஸ்தகத்தோட பேசுவேன்னு டிசம்பர் மாசம் நண்பருக்கு எழுதுறாரு. அந்த எடத்த எத்தன வருஷம் க்ளாஸ்ல சொல்லியிருப்பேன், இப்பவும் தொண்ட அடைக்குது.

ஆளுறவன்கிட்ட பாசத்தவிட பயம் இருக்கறதுதான் பாதுகாப்புன்னு அவரு சொன்னத மட்டும் எல்லாரும் புடிச்சுக்குறாங்க. நீயும் அப்படித்தானோன்னு பயமா இருக்கு. அதே 17வது அதிகாரத்துல, பயப்படட்டும் ஆனா வெறுத்துடக் கூடாதுங்கறாரு. 23வதுல, புத்தியுள்ள நாலு பேர பக்கத்துல வெச்சுக்க, நீயே கேளு, உண்மைய சொன்னா நீ கோச்சுக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியணும்ங்கறாரு. நீயே கேளு தம்பி. கோவத்துல மெயில் அனுப்பாத. கேட்டாத்தான் சொல்லுவாங்க, நீயே கேளு.

குடிகளோட சொத்துல கை வெக்காத, அப்பன் செத்தத மறந்தாலும் சொத்து போனத மறக்க மாட்டாங்கன்னு ஒரு எடம் வரும். அத படிச்சதும் உன் புறாதான் ஞாபகம் வந்துச்சு. ப்ளஸ் டூ பரிட்சைக்கு முன்னாடி, நீ டியூஷன் போயிருந்தப்ப பதினோரு புறாவையும் கூண்டோட குடுத்துட்டேன். நீ வந்து மாடி ஏறிப் பாத்துட்டு, எறங்கி வந்து தட்டு எடுத்துப் போட்டு சாப்பிட்ட. ஒரு வார்த்தை கேக்கல. பையன் அடங்கிட்டான்னு நெனச்சேன்டா. உங்கம்மாவும் அன்னிக்கு வாய தொறக்கல, இந்த வீட்ல என்னைய யாரு எதித்துக் கேட்டா, நான் வந்தா டிவி சத்தம் கொறஞ்சுடும், அத மரியாதைன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். தப்பு தம்பி.

கம்பு போட்டு வெப்பியே அந்த டப்பா, மாடிப்படிக்குக் கீழயே இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. அடுத்த வாரம் பேசுறப்ப போன என்கிட்டயும் குடுக்கச் சொல்லு.

அப்பா