செவிலியர் என்பதும் ஒரு காரணமா?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்றவியல் விதிகள் ஆலோசனைக் குழுவினருக்கு வணக்கம்.

பாலினத்தைக் காரணமாக வைத்து ஒருவரை ஜூரியிலிருந்து, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவிலிருந்து, விலக்கக் கூடாது என்று 1994-இல் ஜே.இ.பி. எதிர் அலபாமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாங்கள் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றுதான் எங்கள் குறை. செவிலியர்களை எல்லாம் விலக்கினால் பெண்களே அதிகம் வெளியேறுவார்கள். ஆனாலும் பாகுபாட்டை மறைக்கும் சாக்கு என்று காட்டப்படாத வரை அப்படி விலக்குவது செல்லக்கூடும் என்கிறது அந்த அடிக்குறிப்பு. தடை வந்த அன்றே அதைத் தாண்டும் வழியும் எழுதப்பட்டுவிட்டது.

மரண தண்டனை கோரப்படாத கடுங்குற்ற வழக்கில் உங்கள் 24-ஆம் விதிப்படி அரசுத் தரப்பு 6 பேரையும், குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு 10 பேரையும் காரணம் சொல்லாமல் விலக்கலாம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, பாகுபாட்டின் அறிகுறியைக் காட்டினால்தான் காரணம் கேட்கப்படும். அப்போதும் ‘செவிலியர்’, ‘முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்று ஏதோ ஒன்றைச் சொன்னால் போதும். நீண்ட தலைமுடியும் தாடியும்கூட இனம் சாராத காரணம்தான் என்று 1995-இல், இனப் பாகுபாடு பற்றிய பர்கெட் வழக்கில் ஏற்கப்பட்டதே! பிறகு வழக்கறிஞரின் உள்நோக்கத்தை ஆட்சேபித்தவர்தான் நிரூபிக்க வேண்டும். அதே மருத்துவத் துறையைச் சேர்ந்த ஆண் ஒருவர் ஜூரியில் விடப்பட்டிருந்தால் ஒப்பிட்டுக் காட்டலாம். அப்படி யாரும் இல்லையென்றால் எதை வைத்து வாதிடுவது?

விலக்கப்பட்டவரோ நாளுக்கு 50 டாலர் படியில் வேலையை விட்டு வந்தவர். ‘நீங்கள் போகலாம்’ என்பார்கள். ஏன் என்று சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பெண்கள் தாமே போய்ப் பெயர் பதிந்தால்தான் ஜூரிக்கு அழைப்போம் என்ற ஃபுளோரிடா சட்டத்தை, வீடே பெண்ணின் மையம் என்று காரணம் சொல்லி இதே உச்ச நீதிமன்றம் 1961-இல் ஏற்றது. அத்தகைய சட்டம் 1975-இல்தான் விழுந்தது. பட்டியலில் பெயர் ஏறவே அவ்வளவு காலம் ஆயிற்று. ஏறிய பெயரை இன்று தொழிலைச் சொல்லி அடித்துவிடுகிறார்கள்.

கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே 2022 முதல் குற்ற வழக்குகளில் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு பாலினத்தார் மிகுதியாகச் செய்யும் தொழிலைக் காரணம் காட்டினால், அது செல்லாது என்றே முதலில் கொள்ளப்படும். செல்லும் என்று காட்டுவது விலக்கியவர் பொறுப்பு. முகபாவத்தைக் காரணம் காட்டினால், நீதிபதி தாமும் அதைக் கண்டதாக உறுதிப்படுத்த வேண்டும். அரிசோனா, காரணம் சொல்லாமல் விலக்கும் உரிமையையே எடுத்துவிட்டது.

அரசமைப்புச் சட்டம் இவ்வளவு கேட்கவில்லை என்பீர்கள். அது கேட்பது குறைந்தபட்சம். விதி அதற்கு மேலும் போகலாம். செவிலியர் என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். கலிபோர்னியாவின் அளவுகோலை 24-ஆம் விதியில் சேர்க்கும் வரைவு ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.