செயலாளர் அறிக்கை: வருத்தக்காரப் பிள்ளையளின்ர குடும்பங்களுக்கான எங்கட உதவிக் குழு, வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். எத்தின கூட்டம் நடந்தது, ஆர் வந்தவை எண்டதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில கிடக்கு, விரும்பினவை வாங்கிப் பாருங்கோ, நான் இந்த வருஷம் எங்கட ஆக்கள் கண்டதைத்தான் எழுதியிருக்கிறன்.

ஹொஸ்பிஸ் (மாறாத கடும் வருத்தக்காரரை நோவு குறைச்சு ஆறுதலாப் பராமரிக்கிற இடம்) எண்ட சொல்லைக் கேட்டவுடன அம்மாமார் இப்பவும் அழுகினம், "அப்ப டொக்டர்மார் கைவிட்டிட்டினமோ" எண்டு. 1982ல ஒக்ஸ்ஃபோர்டில திறந்த ஹெலன் ஹவுஸ்தான் உலகத்தில முதல் சிறுவர் ஹொஸ்பிஸ். பிரான்ஸஸ் டொமினிக்கா எண்ட கன்னியாஸ்திரி, ஹெலன் எண்ட கடும் வருத்தக்காரப் பிள்ளையை இடைக்கிடை தான் வைச்சுப் பாத்து, தாய் தேப்பனைக் கொஞ்சம் ஆற விட்டிருக்கிறா, அதில இருந்து வந்ததுதான் அந்த வீடு. இந்தக் கதையைச் சொன்னாப் பிறகு ரெண்டு மூண்டு அம்மாமார் எங்களோட கதைக்கத் தொடங்கினவை. வருத்தம் கண்டுபிடிச்ச நாளில இருந்தே, வைத்தியம் நடக்கேக்கயே இந்தப் பராமரிப்பும் தொடங்கோணும் எண்டுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கும் மகரகமை அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் மன்னார், மட்டக்களப்பு, ஹட்டன் எண்டு எங்கயெல்லாமோ இருந்து வருகினம். அம்மா பிள்ளையோட வார்ட்டில, அப்பா கூலி வேலையை விட்டிட்டு வெளியில நிப்பார், சிங்களம் தெரியாது, துண்டில என்ன எழுதியிருக்கு எண்டு ஆரிட்டக் கேக்கிறது, 138 பஸ்ஸில எங்க இறங்கிறது, இதுகளுக்கே ஒரு ஆள் பக்கத்தில நிண்டாப் பெரிய உதவி. எங்கட ஆக்கள் கூடுதலாச் செய்தது இந்த மொழிபெயர்ப்புத்தான்.

கடும் நோவுக்குக் குடுக்கிற மோர்பின் மருந்தின்ர விஷயத்தை நான் கட்டாயம் சொல்லோணும். ஒரு அம்மா, குடுத்தாப் பிள்ளை பழகிப்போடும், கெதியாப் போயிடும் எண்ட பயத்தில டொக்டர் சொன்னதில அரைவாசியைத்தான் குடுத்திருக்கிறா, பிள்ளை விடிய விடிய முனகியிருக்கு. அந்தத் தாயில பிழை இல்லை, அவவுக்கு விளங்கிற பாஷையில ஒருத்தரும் இருந்து சொல்லேல்ல. பிள்ளையின்ர நிறையைப் பாத்து அளவாக் குடுக்கிற மோர்பின் உயிரைக் குறைக்காது, மூச்சு முட்டுறதுக்கும் அது உதவும், மலச்சிக்கல் வரும், அதுக்குச் சேத்து மருந்து குடுப்பினம். இதை நேர்ஸ் ஒராள் தமிழில வடிவாச் சொன்னாப் பிறகுதான் அம்மா ஒழுங்காக் குடுத்தா, பிள்ளை நித்திரை கொண்டிச்சு, தாயும் கொண்டா. இதை எழுதேக்கயும் எனக்குக் கண் கலங்குது.

சகோதரங்களை நாங்கள் முதல்ல யோசிக்கவே இல்லை, அது எங்கட பிழை. ஊரில அம்மம்மாவோட விட்டிட்டு வந்த அக்கா, போனில "நான் தம்பிக்கு அடிச்சதாலயோ வருத்தம் வந்தது" எண்டு கேட்டிருக்கிறாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு ஆள் சகோதரங்களோட மட்டும் வட்ஸ்அப்பில கதைக்கிறம், வருத்தக்காரப் பிள்ளையைப் பற்றி இல்லை, பள்ளிக்கூடம், ஆட்டுக்குட்டி எண்டு அவையின்ர கதை.

செத்தவீடு முடிஞ்சு சனம் கலைஞ்ச பிறகுதான் வீடு கனக்கும். அப்பத்தான் போறம், பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கதைக்கிறம். மற்றவை அந்தப் பேரைத் தவிர்க்கினம் எண்டுதான் தாய்மார் கூடக் கவலைப்படுகினம்.

வாற வருஷத்துக்கு மகரகமைக்குக் கிட்ட வாடகைக்கு ஒரு ரூம், சமைக்க இடத்தோட, அவசரமாத் தேவை. சிங்களம் வடிவாக் கதைக்கிற, காலமையில நேரம் உள்ள ரெண்டு பேரும் வேணும், இண்டைக்கே என்னட்டப் பேர் தாங்கோ. கணக்கைப் பொருளாளர் அக்கா இப்ப வாசிப்பா.