2021-இல் வராமல் போன அழைப்புகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் பேச்சோடு பேச்சாக, "எனக்குக் கூடைப்பந்து ஆட்டம் அந்த அளவுக்கு வரவில்லை மாமா, வந்திருந்தால் ஏதாவது ஒரு கல்லூரி தன் அணிக்கு எடுத்திருக்கும்" என்றாய். பள்ளி முடித்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாயே என்று எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், உன் அம்மா, என் அக்கா, படித்துக்காட்டட்டும். அவளும் அத்தானும் கேட்க வேண்டிய சேதியும் இதில் இருக்கிறது.

உன் ஆட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக உனக்கு வராது. அது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் குறையைக் கண்டுபிடிக்கக்கூட உன்னை யாரும் வந்து பார்க்கவில்லை.

கொரோனா தொற்று பரவியதால் 2020 மார்ச் 12 அன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த குளிர்கால, வசந்தகாலச் சாம்பியன்ஷிப் போட்டிகள் அனைத்தையும் ரத்து செய்தது. கையோடு, கல்லூரி அணிகளின் மூன்று அடுக்குகளில் மேலடுக்கான முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவர்களை நேரில் சந்திக்கவும் தடை விதித்தது. அந்தத் தடை 2021 மே 31 வரை நீண்டது. நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது விழுந்த பூட்டு, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போதுதான் திறந்தது. பயிற்சியாளர்கள் ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கும் கோடை, உனக்கு வாய்க்கவே இல்லை.

அத்தான் அப்போது வீட்டு வாசலில் எடுத்தாரே, அந்த வீடியோ இன்னும் என் செல்போனில் இருக்கிறது. நீ பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாய், பின்னால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி, உன்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. எதிராளியே இல்லாத ஆட்டத்தைப் பார்த்து எந்தப் பயிற்சியாளர் எதை முடிவு செய்வார்? அதை விட்டால் அவர்களிடம் இருந்தது நீ பத்தாம் வகுப்பில் ஆடிய பதிவு. அதற்குப் பிறகு நீ எவ்வளவு வளர்ந்தாய் என்பது அக்கா வாங்கிய ஷூக்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கூடுதல் ஆண்டு. தொற்றால் பருவத்தை இழந்த கல்லூரி வீரர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. சலுகை கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள், அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் உட்காராத பள்ளி மாணவர்கள். 2020-21-இல் கல்லூரியில் முதலாண்டு ஆடியவரால் 2024-25 வரை ஆட முடிந்தது. நீ கல்லூரியில் ஆடியிருக்கக்கூடிய நான்கு ஆண்டுகளும் அதற்குள் அடக்கம். போதாக்குறைக்கு, கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற விதியையும் 2021-இல் தளர்த்தினார்கள். இருபத்திரண்டு வயது அனுபவசாலி வாசலில் நிற்கும்போது பதினெட்டு வயதுப் பையனை யார் தேடிப் போவார்கள்? மேல் டிவிஷனில் இடம் கிடைக்காதவர்கள் கீழே இறங்கினார்கள். கீழே இருந்தவர்கள் இன்னும் கீழே.

மூன்றாம் டிவிஷன் சிறு கல்லூரிகளின் கணக்கு மட்டும் வேறு. அங்கே விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது. சொந்தக் காசில் ஐந்தாம் ஆண்டு படித்து ஆட எத்தனை பேர் வருவார்கள்? அதனால்தான் உனக்கு வந்த ஒரே அழைப்பு அங்கிருந்து வந்தது. முகக்கவசத்தோடு ஒரு பயிற்சியாளர் வெறிச்சோடிய அரங்கைச் செல்போனில் சுற்றிக் காட்டினார், நினைவிருக்கிறதா? "ஸ்காலர்ஷிப் இல்லையா? அப்படியானால் அது என்ன பெரிய ஆட்டம்" என்று அத்தான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

என்ன பெரிய ஆட்டமா? 2020 மார்ச் 6 அன்று பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அரங்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் யெஷிவா பல்கலைக்கழக அணி 102-78 என்று வென்றது. தொற்றுக்குப் பயந்து அமெரிக்காவில் ஆளில்லாத அரங்கில் முதலில் நடந்தது, பெரிய லீக் எதுவும் இல்லை, இந்த மூன்றாம் டிவிஷன் போட்டிகள்தான். அந்த அணி தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்று சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்தது. ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியுடன் ஆட வேண்டியதற்கு முந்தைய நாள் எல்லாம் ரத்து. மறு ஆண்டும் மூன்றாம் டிவிஷனுக்குக் குளிர்காலச் சாம்பியன்ஷிப் நடக்கவில்லை.

ஆனால் அந்தப் பயிற்சியாளர் உன்னைக் கூப்பிட்டதற்கு உன் ஆட்டம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. சிறு கல்லூரிகள் கட்டணத்தில் பிழைப்பவை. சிலவற்றில் மாணவர்களில் பாதிப் பேர்கூட ஏதாவதோர் அணியில் இருப்பார்கள். ஆகவே, இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று பயிற்சியாளர் தலையிலும் ஓர் எண்ணிக்கையைக் கட்டிவிடும் கல்லூரிகள் உண்டு. போட்டி நடக்காத ஆண்டிலும் ஆள் சேர்ப்பு நிற்க முடியாததற்கு அதுதான் காரணம். கொரோனா பரிசோதனைச் செலவு ஒரு பக்கம், காலியான விடுதி அறைகள் மறு பக்கம். இல்லினாய் மாநிலத்தில் 1846-இல் தொடங்கிய மெக்மரே கல்லூரி 2020 மார்ச் மாதத்தில் மூடப்போவதாக அறிவித்து, மே மாதத்தோடு கதவைச் சாத்தியது. பண நெருக்கடி பழையதுதான், தொற்று அதைக் கழுத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள், நேரில் போய்ப் பார்க்க முடியாத அந்த நாட்களில் வேறு கல்லூரி தேடினார்கள்.

ஆக, அந்த அழைப்பை ஏற்றிருக்கலாம் என்றோ, விட்டது நல்லது என்றோ நான் சொல்லவில்லை. நீ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய், படித்தாய், வேலையில் இருக்கிறாய். திறமை இல்லாததால் நின்றுபோனேன் என்று மட்டும் இனிச் சொல்லாதே.

இப்போது உன் தங்கைக்கு வாலிபால் பயிற்சியாளர்களிடமிருந்து மின்னஞ்சல் வர ஆரம்பித்திருக்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து நீதான் பதில் எழுத உதவ வேண்டும். அவள் ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள், இந்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல். தனியார் கல்லூரி என்றால், லாப நோக்கற்றவை வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் இணையத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்து அத்தானிடம் கொடு. வரவு செலவு பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அன்புடன்,
மாமா