பூட்டு நகர்ந்த கத்தி

கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியதில் மகிழ்ச்சி. மகன் வாங்கித் தந்த டைட்டானிய மடக்குக் கத்தியில், புதிதாக இருந்தபோது அலகின் அடிமுகத்தில் கால் பங்கில் நின்ற, விரித்த அலகு மடங்காமல் தாங்கும் பூட்டு இப்போது பாதிக்கு வந்துவிட்டதே, கத்தி போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். போகவில்லை.

அந்த வகையில் பூட்டு தனி உறுப்பு அன்று. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டையே நீளவாக்கில் கீறிப் பட்டையாக்கி, உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகு விரிந்ததும் அந்தப் பட்டை சரிந்து வந்து அதன் அடியில் முட்டுக்கொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோவில் தொழில் நடத்திய கிறிஸ் ரீவ், 1990களின் தொடக்கத்தில் தம் செபென்சா கத்தியின் மூலம் பரவச் செய்த அமைப்பு இது. அலகின் அடிமுகத்தைச் சில டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பதால், பட்டையின் முனை தேயத் தேய, ஆப்பு இறங்குவதுபோல் அது இன்னும் சற்று உள்ளே சென்று மறுபடியும் இறுகிக்கொள்கிறது. நீ பார்த்த நகர்வு, பூட்டு தன் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொண்டதன் அடையாளம்.

தேய்வது ஏன் என்பதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அலகின் எஃகு, உலோகக் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 60 அளவில் இருக்கும். நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கலந்த வழக்கமான டைட்டானியக் கலவையோ 36 அளவில்தான் நிற்கும். அது எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு எளிதாக வளைந்து மீளும் என்பதால் வில்லாக நன்கு உழைக்கிறது. உரசும் முகமாக மட்டும் மோசம். சிப்காட்டில் நாம் ஒரே ஷிப்டில் இருந்தபோது, டைட்டானிய போல்ட்டில் மசகு தடவாமல் டைட்டானிய நட்டை ஏற்றிவிட்டு, கடைசியில் ரம்பத்தால் அறுத்தெடுத்தோமே, அதே பிடிப்புக் குணம்தான் இங்கும் வேலை செய்கிறது. மூடும்போது பூட்டு ஒட்டிக்கொள்கிறது என்று நீ எழுதியதும் அதனால்தான். அலகின் அடிமுகத்தில் பென்சில் கரியை ஒருமுறை லேசாகத் தடவிப் பார். அதற்குமேல் வேண்டாம், பூட்டு வழுக்கினால் விரல் போகும்.

முதல் சில மாதங்களில் முகங்கள் ஒன்றுக்கொன்று படியும்வரை நகர்வு வேகமாக இருக்கும், பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். என் கத்தியில் அது நிற்காததற்குக் காரணம் நானேதான்: மாலையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கட்டைச் சொடுக்கி 'டக்' என்று விரிப்பதையே பொழுதுபோக்காக்கிக்கொண்டேன். ஒவ்வொரு சொடுக்கும் அந்த மெல்லிய முனைக்கு ஒரு சுத்தியல் அடி. நீ வைத்திக்குப்பத்தில் வலைக்கயிறு அறுக்கிறவன், உனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் கடற்கரை மணல் அலகு சுழலும் முளைக்குள் போகாமல் பார்த்துக்கொள். டைட்டானியத்தை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. அலகையும் திருகாணிகளையும் நல்ல தண்ணீரில் அலசித் துடை.

தயாரிப்பாளர்களுக்கும் இந்தக் குறை தெரியும். சிலர் பட்டையின் முனையைச் சூடேற்றிக் கடினப்படுத்துகிறார்கள், சிலர் அங்கே எஃகுத் துண்டைத் திருகாணியால் பொருத்துகிறார்கள்; 2020இல் வந்த செபென்சா 31இல் பட்டையில் பதித்த பீங்கான் குண்டே அலகைத் தாங்குகிறது. கழற்றி மாற்றக்கூடிய எஃகுத் துண்டுக்குத்தான் என் ஓட்டு. தேயும் பாகத்தைத் தனியாக மாற்ற முடியும் என்றால், கத்தியையே தூக்கிப்போட வேண்டாமே.

இனி நீ பார்க்கவேண்டியது இவ்வளவுதான். பூட்டு நிற்கும் இடத்தில் மார்க்கரால் மெல்லிய கோடு போட்டு வை. பட்டை எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் இறங்க இடமில்லை. அப்போதுதான் அலகு மேலும் கீழுமாக ஆட்டம் கொடுக்கத் தொடங்கும். அந்த நிலையிலும் அலகு முட்டி நிற்கும் ஸ்டாப் பின்னைச் சற்றுத் தடித்ததாக மாற்றினால் பூட்டு பின்னோக்கி வந்துவிடும். அளவு சொன்னால் என் லேத்திலேயே கடைந்து தருகிறேன். மூடும்போது பட்டையைத் தேவைக்குமேல் வெளியே தள்ளாதே, வில் தளர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிக் கத்தியோடு வா, லென்ஸ் வைத்துப் பார்ப்போம். அதுவரை பூட்டு முகத்தில் அரத்தை மட்டும் வைத்துவிடாதே; உன் கை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய ஷிப்டுத் தோழன்